நாயைப் பிடித்துக்கொண்டு நடக்கப்போகும் பையன்

கேள்வி: கிருஷ்ணகிரியில் மலைக்கோட்டைப் பக்கம் வீடு. 11 வயது மகன், எங்கள் நாட்டு நாயைக் காலையில் நானே நடக்கக் கூட்டிப்போகிறேன் என்று அடம்பிடிக்கிறான். “படிக்கிற நேரத்துல நாய் பின்னாடி சுத்தணுமா?” என்கிறார் மாமியார். அனுப்பலாமா?

பதில்: தாராளமாக அனுப்புங்கள். முதல் ஒரு மாதம் மட்டும் நீங்களோ அவன் அப்பாவோ கூடவே போங்கள். கயிற்றை மணிக்கட்டில் சுற்றிக்கொள்ள விடாதீர்கள், நாய் திடீரென்று இழுத்தால் பிள்ளை குப்புற விழுவான். இருபது நிமிஷத்தில் படிப்பு ஒன்றும் கெட்டுப்போகாது என்று அத்தையிடம் சொல்லுங்கள்.

என் மகள் தொடங்கிய புதிதில் எங்கள் நாய் ஒவ்வொரு கரண்ட் கம்பத்திலும் நின்று மோந்துகொண்டே இருக்கும், இவள் “வா, வா” என்று தரதரவென இழுப்பாள். நமக்கு அது வெறும் கம்பம், நாய்க்கோ அந்த வழியாகப் போன மற்ற நாய்களின் சேதி அங்கேதான் இருக்கிறது. இதைச் சொன்ன பிறகு கயிற்றைத் தளர்த்திவிட்டு, அது மோந்து முடிக்கும் வரை பேசாமல் நிற்க ஆரம்பித்தாள். எதற்கும் பொறுக்காத பிள்ளை அவள்!

அப்புறம், வாய் பேசாத உயிரின் உடம்பைப் பார்த்து மனசைப் புரிந்துகொள்வான். வால் காலிடுக்கில் போய்க் காது பின்னால் மடங்கினால் பயம். வால் ஆடினாலே சந்தோஷம் என்று நினைக்க வேண்டாம், உடம்பு விறைத்து வால் தூக்கி நின்று ஆடினால் அது எச்சரிக்கை. தெருநாய் எதிரே வந்தால் ஓடக் கூடாது, முறைக்கவும் கூடாது, மெதுவாக ஒதுங்கி வரணும் என்று கூட நடக்கும்போதே காட்டிக்கொடுங்கள். மாங்காய் சீசன் வெயிலில் கிளம்பும் முன் தார்ரோட்டில் புறங்கையை வைத்து ஏழு வரை எண்ணச் சொல்லுங்கள். கை தாங்காத சூட்டை நாயின் பாதமும் தாங்காது.

ஒன்றை மட்டும் மறக்காதீர்கள். நாய்க்கு வருஷா வருஷம் ரேபிஸ் ஊசி போட்டிருக்கணும். வீட்டு நாயோ தெருநாயோ கடித்தாலும் நகம் கீறினாலும், சோப்புப் போட்டு ஓடும் தண்ணீரில் 15 நிமிஷம் கழுவிவிட்டு அன்றைக்கே அரசு ஆஸ்பத்திரிக்குப் போய்விடுங்கள், ஊசி இலவசம். திட்டு விழும் என்று பயந்து சின்னக் கீறலைப் பிள்ளைகள் மறைத்துவிடுவார்கள். அதனால், “எது நடந்தாலும் சொல்லுடா, அம்மா திட்ட மாட்டேன்” என்று முதல் நாள் அவன் கையில் கயிற்றைக் கொடுக்கும்போதே சொல்லிவிடுங்கள்.