கேப்டன் அமெரிக்காவின் பலம் படத்துக்குப் படம் மாறுகிறதா?

வணக்கம் ஐயா,

வேலை முடிந்து செந்தூலில் மாமாக் கடையில் நண்பர்களோடு உட்கார்ந்தால் பேச்சு கடைசியில் மார்வெல் படங்களில்தான் வந்து நிற்கும். மருந்தால் பலசாலியாக்கப்பட்ட படைவீரன் கேப்டன் அமெரிக்காவை வைத்துப் போன வாரம் பெரிய வாக்குவாதம். 2012 படத்தில் வில்லன் லோக்கியிடம் அடி வாங்குகிறார். 2014இல் ஒரு லிஃப்ட் நிறைய ஆட்களைத் தனியாளாகச் சாய்க்கிறார். 2016இல் ஹெலிகாப்டரையே பிடித்து நிறுத்துகிறார். 2018இல் பெரிய வில்லன் தானோஸின் கையைத் தாங்குகிறார். 2019இல் அத்தனை அனுபவத்தோடு போனவர், 2012ஆம் ஆண்டின் தன்னையே வெல்ல முடியாமல் திணறுகிறார். "கதாசிரியருக்கு எது வசதியோ அதுதான் பலம்" என்கிறான் ஒரு நண்பன். பேட்மேனும் அப்படித்தானாம். இதை அளக்க ஏதாவது அளவுகோல் உண்டா?

ம., செந்தூல், கோலாலம்பூர்

அன்புள்ள ம.,

சண்டையில் யார் ஜெயிக்க வேண்டும் என்பதைக் கதைதான் முடிவு செய்கிறது. அதுவரை உங்கள் நண்பர் சொல்வது சரி. ஆனால் நீங்கள் வரிசைப்படுத்தியவை எல்லாம் சண்டைகளின் முடிவுகள். பலம் வேறு, பயிற்சியால் வரும் திறன் வேறு, முடிவு வேறு. எதிராளி யார், நாயகன் எதற்காகச் சண்டை போடுகிறார் என்பதைப் பொறுத்து முடிவு மாறும். லோக்கி மனிதனே அல்ல, தானோஸ் அவனைவிடப் பல மடங்கு. இவர்களை அளவுகோலாக வைத்தால் எந்தக் கணக்கும் ஒத்துவராது.

எல்லாப் படத்திலும் வருகிற ஒரே எதிராளியை எடுத்துக்கொள்ளுங்கள்: கவசமில்லாத சாதாரணக் காவலன். அவனைக் கீழே தள்ளக் கேப்டனுக்கு எத்தனை அடி தேவைப்படுகிறது, விழுந்தவன் எவ்வளவு தூரம் போகிறான் என்று பாருங்கள். 2011 தொடங்கிப் பெரும்பாலும் ஓர் அடி, மிஞ்சினால் இரண்டு. இந்தப் படங்கள் அமெரிக்காவில் பிஜி-13 தரத்துக்காக (13 வயதுக்குக் கீழ் உள்ளோருக்குப் பெற்றோர் எச்சரிக்கை) எடுக்கப்படுபவை என்பதால் ரத்தத்தைத் தாராளமாகக் காட்ட முடியாது. அடியின் கனத்தை அடிபட்டவன் பறக்கிற தூரத்தை வைத்தே சொல்கிறார்கள். அதனால் அந்தத் தூரமே நமக்கு நல்ல அளவை. அது பெரிதாக மாறவில்லை.

மாறியது திறன். 2011 படத்தில் மருந்து ஏறிய சில நிமிடங்களில் புரூக்ளின் தெருவில் உளவாளியைத் துரத்தி ஓடும் காட்சியை மறுபடி பாருங்கள். கால் வெறுங்கால். வேகம் வந்துவிட்டது, அதை அடக்கத் தெரியவில்லை. திருப்பத்தில் நிற்க முடியாமல் மணப்பெண் உடைக்கடையின் கண்ணாடியை உடைத்துக்கொண்டு உள்ளே போய் விழுகிறார். பலம் ஒரே நாளில் வரும், கட்டுப்பாடு அப்படி வராது என்று முதல் படமே தெளிவாகச் சொல்லிவிட்டது.

2012இல் அவர் சண்டை குத்துச்சண்டையும் கேடய வீச்சும் கலந்தது. 2014இல் 'த விண்டர் சோல்ஜர்' படத்தில் உதை, பிடி, முழங்கை, சுவரை மிதித்து எழும்புவது எல்லாம் வந்து சேர்கின்றன. இரண்டு படங்களுக்கும் இடையில் அவர் ஷீல்டு என்ற உளவு அமைப்பின் ஸ்ட்ரைக் அதிரடிக் குழுவோடு வேலை செய்கிறார், ஆகவே கதைக்குள் காரணம் இருக்கிறது. கதைக்கு வெளியே, ஜாஸ் வீடன் போய் ருஸ்ஸோ சகோதரர்கள் இயக்க வந்தார்கள். இரண்டு படத்திலும் கிறிஸ் எவன்ஸுக்கு டூப் போட்டவர் சாம் ஹார்கிரேவ் என்பதைக் கவனியுங்கள். உடம்பு அதே உடம்பு. சண்டையை வடிவமைத்த முறைதான் வேறு. 'கேப்டன் திடீரென்று பலசாலி ஆகிவிட்டார்' என்று பலர் சொல்வது இந்த மாற்றத்தைப் பார்த்துத்தான்.

லிஃப்ட் சண்டையை மெதுவாக ஓட்டிப் பாருங்கள். காந்த விலங்கால் அவர் மணிக்கட்டைச் சுவரோடு ஒட்டிவிடுகிறார்கள், மின்தடியால் உடம்பில் குத்துகிறார்கள். ஒரு கை மாட்டிக்கொண்ட நிலையில் உதைத்தே சமாளிக்கிறார். பிறகு காலைச் சுவரில் ஊன்றி, முழு உடம்பின் விசையையும் கொடுத்துத்தான் அந்த விலங்கைப் பிடுங்குகிறார். சும்மா கையை இழுத்தால் வருவதில்லை. எல்லை எது என்று காட்டிவிட்டு அந்த எல்லைக்குள் சண்டையை நடத்தியிருக்கிறார்கள். அடைசலான இடம் என்பதால் அத்தனை பேரும் ஒரே நேரத்தில் பாயவும் முடியாது.

அதே படத்தில் எனக்கு உறுத்தும் இடம் ஒன்று உண்டு: கப்பலைக் கடத்தியவர்களின் தலைவன் பாட்ராக்குடன் நடக்கும் சண்டை. பாட்ராக் சாதாரண மனிதன். சற்று முன்புதான் கேப்டன் காவலர்களை ஒவ்வோர் அடியில் கடலுக்குள் தள்ளினார். இவன் மட்டும் எப்படி அடிக்கு அடி கொடுத்து நிற்கிறான்? அந்த வேடத்தில் நடித்தவர் ஜார்ஜஸ் செயின்ட்-பியர், யுஎஃப்சி என்ற கலப்புத் தற்காப்புக் கலைப் போட்டியில் சாம்பியனாக இருந்தவர். அவர் உதைகளைக் காட்டுவதற்கென்றே அந்தச் சண்டை அமைக்கப்பட்டிருக்கிறது. அவன் சீண்டியதும் கேப்டன் கேடயத்தை முதுகில் மாட்டி, தலைக்கவசத்தையும் கழற்றுகிறார். வேண்டுமென்றே சமமாக இறங்குகிறார் என்று கொள்ளலாம். ஆனாலும் அவ்வளவு நேரம் நீட்டியது அதிகம். முரண்பாடு என்று வாதிட வேண்டுமானால் உங்கள் நண்பர் இதைத்தான் பிடித்திருக்க வேண்டும்.

ஹெலிகாப்டரில் முரண்பாடு இல்லை. அவர் ஹெலிகாப்டரின் முழு எடையைத் தூக்கவில்லை. ஒரு கை மேடைக் கம்பியில், மறு கை ஹெலிகாப்டரின் அடிச்சட்டத்தில். அவர் எதிர்க்க வேண்டியது எடை போக மிஞ்சுகிற தூக்குவிசையையும் பக்கவாட்டு இழுவையையும் மட்டுமே. மனிதனுக்கு முடியாததுதான், ஆனால் இந்தப் பாத்திரத்துக்கு ஏற்கெனவே காட்டிய பலத்துக்கு வெகுதூரத்தில் இல்லை. அதே 2016 படத்தின் கடைசிச் சண்டையில் அயர்ன் மேன் ஸ்டார்க்கின் கணினி ஃப்ரைடே, கேப்டனின் சண்டை முறையை அலசி முடித்த உடனே ஆட்டம் ஸ்டார்க் பக்கம் புரண்டுவிடுகிறது. தானோஸ் விஷயமும் இப்படித்தான். தானோஸ் ஒரு கையில் போட்டிருக்கும் உலோகக் கையுறையை இரண்டு கையாலும் சில விநாடி தாங்குகிறார், தானோஸின் முகத்தில் வியப்பு தெரிகிறது, மறு கையால் ஒரே குத்து, கேப்டன் விழுந்துவிடுகிறார்.

2019இல் தன்னோடு தானே மோதுவது நீங்கள் சொல்வதற்கு நேர்மாறாக, ரொம்பவும் யோசித்து எழுதப்பட்ட சண்டை. இருவருக்கும் பலம் ஒன்றே. இளையவர் எதிரில் நிற்பவன் உருமாறிய லோக்கி என்று நம்புகிறார், அதனால் தயங்காமல் முழு பலத்தோடு அடிக்கிறார். காலத்தில் பின்னோக்கி வந்த மூத்தவருக்கு வேண்டியது லோக்கியின் செங்கோல் இருக்கும் பெட்டி மட்டும். எதிரில் இருப்பவரைக் காயப்படுத்தும் எண்ணமே இல்லை. கழுத்துப் பிடியில் சிக்கிய பிறகு "பக்கி உயிரோடு இருக்கிறான்" என்று, இறந்துவிட்டதாக இளையவர் நம்பும் உயிர் நண்பனைப் பற்றிய ஒரு தகவலைச் சொல்லித்தான் பிடியைத் தளர வைக்கிறார், பிறகு செங்கோலால் மயக்குகிறார். கூடுதலாக வாழ்ந்த ஆண்டுகள் அவருக்குக் கொடுத்த ஆயுதம் அந்தத் தகவல்தான்.

சிலம்பம் தெரிந்தவர் கம்பின் சுழற்சியைவிடக் காலடியை முதலில் பார்ப்பார், ஆடுபவர் எந்த ஆசானிடம் பழகியவர் என்பது அங்கேதான் தெரியும். சினிமாச் சண்டையிலும் காலைப் பாருங்கள். கால் சட்டகத்துக்குள் இல்லாத ஷாட்டுகளை வைத்துத் திறனை முடிவு செய்யாதீர்கள். நீங்கள் பார்ப்பது எடிட்டரின் வேலையாக இருக்கலாம். விநாடிக்கு 22 பிரேமில் எடுத்து 24இல் ஓட்டினால் கை ஏறக்குறைய 9 சதவீதம் வேகமாகத் தெரியும். முகத்துக்கும் முஷ்டிக்கும் இடையிலுள்ள இடைவெளியை லென்ஸுக்கு நேர்க்கோட்டில் வைத்தால் படாத அடி பட்டது போலிருக்கும். கேமரா ஓரடி நகர்ந்தால் குட்டு வெளிப்பட்டுவிடும். அப்போது வெட்டுகள் கூடும், நாயகன் தடுமாறுவது போலவும் படும்.

பேட்மேனில் இது பச்சையாகத் தெரியும். 2005 படத்தில் கீசி என்ற முறையைப் பயன்படுத்தினார்கள்: முன்கையால் தலையை மூடி, முழங்கையால் மிக நெருக்கத்தில் அடிப்பது. அதை நெருங்கிய ஷாட்டுகளில், வேக வெட்டுகளில் காட்டினார்கள், யார் யாரை அடிக்கிறார் என்றே புலப்படவில்லை. போதாக்குறைக்கு முகமூடியும் கழுத்தும் ஒரே துண்டு. தலையைத் திருப்ப வேண்டுமென்றால் தோளோடு திரும்ப வேண்டும். 2008இல் தலைக்கவசத்தைக் கழுத்திலிருந்து பிரித்து உடையை மாற்றினார்கள், கேமராவும் கொஞ்சம் பின்னால் வந்தது. பேட்மேன் கெட்டிக்காரர் ஆனது போல் தோன்றியதற்கு இவையே பெரும் காரணம்.

நான் குறையென்று அடித்துச் சொல்வது 2012இன் 'த டார்க் நைட் ரைஸஸ்' படத்தில் இருக்கிறது. முழங்காலில் குருத்தெலும்பே மிச்சமில்லை என்று மருத்துவர் சொல்கிறார். காலில் கருவி மாட்டிய பிறகே அவரால் உதைக்க முடிகிறது. வில்லன் பேன் அவர் முதுகை உடைத்துக் குழிச் சிறையில் போட்டபின் அந்தக் கருவி காணோம். ஆனால் எழுகிறார், சுவரேறுகிறார், திரும்பி வந்து சண்டையும் போடுகிறார். முதுகுக்காவது ஒரு வைத்தியத்தைக் காட்டினார்கள், முழங்காலைப் பற்றி ஒரு வார்த்தை இல்லை. ஓர் எல்லையைப் படமே சொல்லி, அதை எந்த விலையும் கொடுக்காமல் தாண்டினால் அதுதான் முரண்பாடு. எதிராளி மாறியதோ, கேமரா மாறியதோ, பயிற்சி கூடியதோ முரண்பாட்டில் சேராது.

திறன் மாறுவதையே கதையாக்கிய படம் வேண்டுமென்றால் 2021இல் வந்த 'ஷாங்-சி'யைப் போட்டுப் பாருங்கள். ஜாக்கி சான் குழுவில் வளர்ந்த பிராட் ஆலன்தான் சண்டைப் பயிற்சிக்குத் தலைமை. பேருந்துச் சண்டையில் நாயகனின் கை மூடிய முஷ்டி, அப்பாவிடம் கற்றது. நம் ஈப்போவில் பிறந்த மிஷெல் இயோ பெரியம்மாவாக வந்து தா லோ என்ற மாய ஊரில் அந்த முஷ்டியைத் திறக்கச் சொல்கிறார். அதன் பிறகு அப்பாவோடு மோதும் கடைசிச் சண்டையில் உள்ளங்கை விரிந்திருக்கிறது, அசைவு வட்டமாகிறது, அப்பாவின் சக்தி வளையங்கள் நாயகன் கைக்கு வருகின்றன. பேருந்துச் சண்டையையும் அந்தக் கடைசிச் சண்டையையும் அடுத்தடுத்து ஓட்டி, கையை மட்டும் பார்க்கச் சொல்லி உங்கள் நண்பரிடம் கொடுங்கள்.

அன்புடன்,
பினாங்கிலிருந்து