சிறிய உணவகத்தில் மெனுவைக் காட்ட வீட்டு டிவி போதுமா, டிஜிட்டல் சைனேஜ் திரைதான் வாங்க வேண்டுமா?

இருபது பேர் அமரக்கூடிய சுயசேவை டிஃபன் கடை ஒன்றைத் தொடங்கவிருப்பதாகவும், கல்லாவுக்கு மேலே 43 அங்குலத் திரை மாட்ட எண்ணியிருப்பதாகவும், வீட்டு டிவியைப் போல ஏறத்தாழ இரு மடங்கு விலை சொல்லப்படுவதால் டிஜிட்டல் சைனேஜ் எனப்படும், கடைகளுக்கென்றே செய்யப்படும் வணிகத் திரையை வாங்கத் தயங்குவதாகவும் எழுதியிருக்கிறீர்கள். கோவையில் அதே அளவுள்ள கடையை ஆறு ஆண்டுகளாக நடத்திவருகிறேன். இரண்டு வகைத் திரைகளையும் வாங்கிப் பார்த்துவிட்டேன்.

விலையைப் பிறகு பார்க்கலாம். காலை பதினொரு மணிக்கு டிஃபன் முடிந்து சாப்பாடு தொடங்கும்போது திரையை மாற்றப்போவது யார் என்பதை முதலில் முடிவு செய்யுங்கள். பொங்கல் தீர்ந்த நிமிடமே அந்த வரியை எடுத்துவிட்டால், கல்லாவில் இருப்பவர் காலை முழுவதும் நூறு முறை ‘பொங்கல் இல்லைங்க’ என்று சொல்லவேண்டியதில்லை. என் அனுபவத்தில் திரையால் கிடைத்த மிகப் பெரிய லாபம் இதுதான். மாற்றுவதற்கு ஆளில்லையென்றால், பிளெக்ஸில் அச்சடித்த பலகையே போதும். அதற்கு மின்கட்டணமும் இல்லை.

நான் முதலில் மாட்டியது வீட்டு டிவி. இடம் குறைவு என்பதால் அதைச் செங்குத்தாக நிறுத்தி, காலை ஆறு முதல் இரவு பத்தரை வரை ஒரே விலைப்பட்டியலை ஓடவிட்டேன். ஓராண்டுக்குள் விலைப்பட்டியலின் நிழல் திரையில் தங்கிவிட்டது. எந்தப் படத்தைப் போட்டாலும் அதன் பின்னால் இட்லியின் பழைய விலை மங்கலாகத் தெரியும். கடையில் பயன்படுத்தியதால் உத்தரவாதம் செல்லாது என்று டிவி நிறுவனத்தார் சொல்லிவிட்டார்கள். உத்தரவாத அட்டையைப் பிரித்துப் படித்தபோது அவர்கள் சொன்னது சரிதான் என்று தெரிந்தது. வணிகத் திரைகளை நாளொன்றுக்கு 16 மணி நேரம் அல்லது 24 மணி நேரம் ஓடுவதற்கென்று மதிப்பிட்டே விற்கிறார்கள். செங்குத்தாக மாட்டலாமா என்பதும் அவற்றின் கையேட்டில் இருக்கும். ஓஎல்இடி டிவி (ஒவ்வொரு புள்ளியும் தானே ஒளிரும் வகை) மலிவாகக் கிடைத்தாலும் மெனுவுக்கு வேண்டாம், அசையாத எழுத்து அதில் இன்னும் விரைவாகப் பதிந்துவிடும்.

ஒளிர்வை நிட் என்ற அலகில் சொல்வார்கள். வீட்டு டிவிகள் பெரும்பாலும் 250 முதல் 350 நிட் வரை இருக்கும். உள்ளறைக்கு அது போதும். வெயில் விழும் கண்ணாடிக்குப் பின்னால் தெருவைப் பார்த்து வைக்கவேண்டுமானால் 2,500 நிட் அளவுக்குத் தேவைப்படும்; அந்த விலை உங்கள் கடைக்குக் கட்டுப்படியாகாது.

எழுத்தின் அளவில்தான் பலரும் தவறுகிறார்கள். மூன்று மீட்டர் தூரத்துக்கு ஏறத்தாழ 25 மில்லிமீட்டர் எழுத்து உயரம் என்பது பழகிய கணக்கு. வரிசையின் கடைசி ஆள் நாலரை மீட்டர் தள்ளி நின்றால் 38 மில்லிமீட்டர் வேண்டும். 43 அங்குலத் திரையைக் கிடையாக வைத்தால் உயரம் சுமார் 53 சென்டிமீட்டர்தான். தமிழில் ‘கி’யின் கொக்கி மேலேயும் ‘கு’வின் சுழி கீழேயும் நீள்வதால், வரிகளை ஆங்கிலத்தைவிடத் தள்ளித்தள்ளி வைக்கவேண்டும், ஆக, ஒரு பத்திக்கு எட்டு வரி, இரண்டு பத்திகளில் பதினாறு பண்டங்கள், அதற்கு மேல் வைத்தால் யாரும் படிக்கமாட்டார்கள். நாற்பது பண்டங்களையும் பக்கம் பக்கமாகச் சுழலவிடலாமே என்று தோன்றும். நான் அதையும் செய்து பார்த்தேன். தோசைப் பக்கம் திரும்பி வருவதற்காக வாடிக்கையாளர் அண்ணாந்து பார்த்துக்கொண்டே நிற்க, அவருக்குப் பின்னால் வரிசை வாசலைத் தொட்டது. விலைப்பட்டியல் அசையக்கூடாது, ஆவி பறக்கும் காபிப் படம் ஏதேனும் ஒரு மூலையில் ஓடட்டும்.

வாசலில் எழுத்து ஓடும் எல்இடி பலகையும் வைக்கச் சொல்வார்கள். அதில் பெரும்பாலும் பயன்படும் பி10 தகட்டில் புள்ளிக்குப் புள்ளி 10 மில்லிமீட்டர் இடைவெளி, உயரவாக்கில் 16 புள்ளிகள் மட்டுமே. அவற்றின் மலிவான மென்பொருள்கள் சிலவற்றில் ‘கொத்து பரோட்டா’ என்று தட்டச்சு செய்தால், கொம்பு எழுத்துக்கு முன்னால் வராமல் பின்னால் போய் ஒட்டிக்கொள்ளும். தமிழ் வரியைப் படமாக மாற்றி ஏற்றினால் இந்தச் சிக்கல் வராது.

மெனுவை ஓட்டுவதற்குச் சிறிய ஆண்ட்ராய்டு பெட்டி போதும். வேளைக்கு வேளை தானே மாறும்படி அட்டவணை வைக்கும் செயலியாகத் தேர்ந்தெடுங்கள். இணையம் அறுந்தாலும் கடைசியாக இறக்கிய மெனு திரையில் நிற்கவேண்டும். உங்கள் சொந்தக் கைப்பேசியிலிருந்து திரைக்கு அனுப்பும் வழி மட்டும் வேண்டவே வேண்டாம். என் மைத்துனர் கடன் கேட்டு அனுப்பிய வாட்ஸ்அப் செய்தியை ஒருமுறை கடையே படித்தது.

கிடைமட்டமாக மாட்டி, பிற்பகலில் இரண்டு மணி நேரம் அணைத்துவைத்து, வேளைக்கொரு மெனு மாற்றுவீர்களானால், உத்தரவாதம் போனாலும் பரவாயில்லை என்ற துணிவுடன் வீட்டு டிவியிலேயே தொடங்கலாம். செங்குத்தாகவோ இடைவிடாமலோ ஓட்டுவதென்றால் வணிகத் திரைதான். எதை வாங்கினாலும், பணம் கட்டுவதற்கு முன் கடைக்காரரிடம் பிளக்கைப் பிடுங்கி மீண்டும் செருகச் சொல்லுங்கள். மின்சாரம் போய்த் திரும்பியதும் மெனு தானாக வராமல் ரிமோட்டைத் தேடவைக்கும் திரையென்றால், அதை அங்கேயே விட்டுவிட்டு வாருங்கள்.