தம்பிக்குப் பேசும் ரோபோ வாங்கலாமா?

சகோதரி, நீங்கள் கொழும்பில் வேலை, உயர்தரப் பரீட்சை எழுதிய தம்பி மஸ்கெலியா தோட்ட லயத்தில் இரவெல்லாம் ஏஐ செயலியோடு பேசுகிறான், ஒரு ரோபோ வாங்கிக் கொடுக்கலாமா என்று கேட்டிருந்தீர்கள்.

அவசரப்படாதீர்கள். மொக்ஸி என்று பிள்ளைகளுக்கான ரோபோ செய்த அமெரிக்கக் கம்பெனி 2024 டிசம்பரில் மூடுவதாக அறிவித்தது. அதன் பேச்செல்லாம் இணையம் வழியாகக் கம்பெனி சேர்வரில் ஓடியதால், 799 டொலர் கொடுத்து வாங்கிய ரோபோவும் ஊமையாகிவிடும் என்ற நிலை, பழகிய பிள்ளைகளின் மனது என்ன பாடுபட்டிருக்கும்!

செயலியைப் பிடுங்கவும் வேண்டாம். அதில் என்ன பேசுகிறான் என்று திட்டாமல் கேளுங்கள், தினமும் கேளுங்கள். ரோபோ வாங்கும் காசில் ஹட்டனில் ஏதாவது வகுப்புக்கு அனுப்பினால் நாலு பேரையாவது பார்ப்பான். தூக்கம், சாப்பாடு கெட்டால் 1926க்கு அழையுங்கள், தேசிய மனநல உதவி இலக்கம், தமிழிலும் பேசலாம்.