இரும்புச்சத்து குறைந்தால் எச்பிஏ1சி ஏறுமா?

கேள்வி: வெறும் வயிற்றில் சர்க்கரை 6 mmol/L-க்குள்தான். எச்பிஏ1சி (சுமார் 3 மாதச் சராசரி சர்க்கரை) மட்டும் 7.4%. ஹீமோகுளோபின் 9.6, ஃபெரிட்டின் 8. சர்க்கரை மாத்திரையைக் கூட்டலாமா?
– வாசகி, பட்டர்வொர்த், பினாங்கு

பதில்: நீங்களாகக் கூட்டாதீர்கள். ஃபெரிட்டின் 8 என்றால் இரும்பு இருப்பு காலி. எச்பிஏ1சி சிவப்பணுக்களில் ஒட்டிய சர்க்கரையை அளப்பது; இந்நிலையில் அது உண்மையைவிடக் கூடுதலாகக் காட்டக்கூடும். அதற்காக அதை ஒதுக்கிவிடவும் முடியாது. சாப்பாட்டுக்குப் பின் ஏறும் சர்க்கரை காலைப் பரிசோதனையில் தெரியாது. ஒரு வாரம், சாப்பிடத் தொடங்கி 2 மணி நேரம் கழித்தும் குத்திப் பார்த்துக் குறித்து வையுங்கள். ஃபுருக்டோசமைன் பரிசோதனை பற்றி டாக்டரிடம் கேளுங்கள். அது ரத்தப் புரதத்தில் ஒட்டிய சர்க்கரையை அளப்பது; அதற்குச் சிவப்பணு தேவையில்லை.

இரும்பு மாத்திரையைத் தே தாரிக்குடன் விழுங்குவது வீண். தேநீருக்கும் மாத்திரைக்கும் 2 மணி நேர இடைவெளி வேண்டும். மாத்திரை தொடங்கியதும் புதிய சிவப்பணுக்கள் பெருகி எச்பிஏ1சி இறங்கும். அதைச் சர்க்கரை குறைந்ததாக எண்ணாதீர்கள். ஹீமோகுளோபின் சீராகி 3 மாதம் கழித்து எடுப்பதே நம்பகம். அதிக மாதவிடாயா, குடலில் கசிவா என்று காரணத்தையும் தேடச் சொல்லுங்கள்.