பழைய கார் கதவு தொங்குதா? ஹின்ஜ் வேலை கேள்வி பதில்

பழைய வண்டி கதவு ஹின்ஜ் (கீல்) பத்தி மும்பைல இருந்து நிறைய பேர் கேட்டிருந்தீங்க, ஒரே மாதிரி இருந்ததை எல்லாம் சேர்த்து இங்கயே பதில் போடறேன். சயான் பக்கம் டிங்கரிங், அதாவது வண்டி தகடு வேலை பண்ற ஆளு நானு, அதனால பேச்சு கொஞ்சம் பட்டறை பேச்சாதான் இருக்கும், கண்டுக்காதீங்க.

கேள்வி (செம்பூர், மாருதி 800): அண்ணே, டிரைவர் கதவை திறந்தா பின்பக்கம் இறங்கிடுது, தூக்கி தூக்கி மூடறேன். பக்கத்து டென்டிங்காரர் பில்லர்ல (கதவு ஓரத்து பாடி தூண்) இருக்கற ஸ்ட்ரைக்கரை (லாக் போய் பிடிக்கற கொக்கி) கொஞ்சம் கீழ இறக்கிட்டா போதும்ங்கறார். பண்ணிடவா?

வேணாம் தம்பி. இறக்கினா இன்னைக்கு கதவு மூடும், ஆனா ஹின்ஜ் தேய்மானம் அப்படியேதான் இருக்கும், ஆறு மாசத்துல திரும்ப இறக்க சொல்வாரு, அப்புறம் கதவோட மேல் விளிம்பு ரப்பர் பீடிங்ல உக்காராம மழை தண்ணி உள்ள வரும். முதல்ல எது லூசுன்னு கண்டுபிடிங்க. கதவை பாதி திறந்து வச்சுட்டு, லாக் இருக்கற ஓரத்துல அடியில பிடிச்சு மேல கீழ ஆட்டுங்க, இன்னொருத்தர் ஹின்ஜ் மேல விரலை வச்சு பாக்கணும். ஹின்ஜ் நடுவுல போற பின் (கம்பி) ஓட்டைக்குள்ள ஆடினா அந்த பின்னும், அது சுத்தற புஷ்ஷும் (சின்ன உலோகக் குழாய்) தேய்ஞ்சிருக்கு. ஹின்ஜ் பிளேட்டே பாடி மேல நகர்ந்தா போல்ட் லூசு. பில்லர் தகடே சேர்ந்து மூச்சு விடுதுன்னா அது வேற கதை, கீழ வசாய்காரருக்கு சொல்லியிருக்கேன். எதுவுமே ஆடலை, ஆனாலும் கதவு இறங்கியிருக்குன்னா ஹின்ஜ் வளைஞ்சிருக்கு, இல்ல யாரோ ஏற்கனவே கழட்டி தப்பா மாட்டியிருக்காங்க.

இதுல டிரைவர் கதவுதான் எப்பவும் முதல்ல போகும். அதிகமா திறந்து மூடறது அதைத்தான், அது போதாதுன்னு இறங்கும்போது கதவு மேல கைய ஊன்றி மொத்த உடம்பையும் போட்டு எழுந்திருக்கற பெரியவங்க எல்லா வீட்லயும் உண்டு. கதவோட எடை மேல் ஹின்ஜை வெளிய இழுக்கும், கீழ் ஹின்ஜை உள்ள தள்ளும், அதனால ஓட்டை ரவுண்டா தேயாம முட்டை மாதிரி ஒரு பக்கமா தேயும்.

கேள்வி (மாட்டுங்கா, பிரீமியர் பத்மினி): சார், அப்பாவோட வண்டி, விக்க மனசு வரல. பின் நல்லா ஆடுது, ஆனா துரு பிடிச்சு வெளிய வர மாட்டேங்குது. புது ஹின்ஜும் கிடைக்கல. என்ன வழி?

நம்ம குர்லாலயே செஞ்ச வண்டி சார் அது, விக்காதீங்க. 2023 அக்டோபரோட பத்மினி டாக்சியும் ரோட்டை விட்டு போயிடுச்சு, இனிமே இருக்கறதை காப்பாத்தினாதான் உண்டு. புது ஹின்ஜ் தேடி அலையவே வேணாம், லேத் கடை இருந்தா போதும்.

ரெண்டு ஹின்ஜையும் ஒரே நேரத்துல கழட்டாதீங்க, ஒண்ணு முடிச்சு மாட்டிட்டு அடுத்தது, அப்பதான் கதவு இருந்த இடம் ஞாபகத்துல இருக்கும். கதவுக்கு அடியில டிராலி ஜாக், அதுக்கு மேல மரக்கட்டை, அதுக்கு மேல பழைய போர்வை, எடை முழுக்க ஜாக்ல நிக்கணும், ஆனா தூக்கிடக் கூடாது. கதவு நிறுத்தற ஸ்டாப்பர் பட்டையை முதல்ல விடுவிச்சுடுங்க. ஹின்ஜ் ஓரத்தை சுத்தி மார்க்கர்ல கோடு போடுங்க, போல்ட் எங்க இருந்ததுன்னு அந்த கோடுதான் சொல்லும். ஸ்க்ரூ சுத்தலைன்னா ஸ்க்ரூடிரைவர் வச்சு மல்லுக்கட்டி தலையை வழிச்சுடாதீங்க, சுத்தியல்ல அடிச்சா திரும்பற இம்பாக்ட் டிரைவர் இருக்கு பாருங்க, அது வேணும். அதுக்கு முந்தின நாள் ராத்திரியே துரு இளக்கற ஆயில் விட்டு ஊற வச்சிடுங்க.

ஹின்ஜ் கைக்கு வந்துட்டா பாதி வேலை முடிஞ்சது. வைஸ்ல பிடிச்சு, தலை இருக்கற பக்கம் எதுன்னு பாத்து, எதிர்ப்பக்கத்துல இருந்து பஞ்ச் வச்சு அடிங்க. வரலைன்னா சூடு பண்ணுங்க, வண்டில இல்லாம வெளிய இருக்கறதால பெயின்ட் கவலை இல்ல. அப்பவும் வரலைன்னா நடுவுல டிரில் போட்டு எடுக்கணும். இனிமேதான் முக்கியமான விஷயம், பின்னை மட்டும் புதுசா போட்டா பிரயோஜனம் இல்ல, ஓட்டையும் தேஞ்சிருக்கும். ரெண்டு வழி இருக்கு. ஓட்டையை ரீமர் (ஓட்டையை அளவா சீராக்கற டூல்) போட்டு ரவுண்டாக்கி கொஞ்சம் பெரிய பின் கடைஞ்சு போடலாம். இல்ல சுத்தற பக்கத்து ஓட்டையை பெருசாக்கி கன்மெட்டல் (ஒரு வகை வெண்கலம்) புஷ் அடிச்சு, அதுல பின் சைஸுக்கு ரீமர் போடலாம். எனக்கு ரெண்டாவதுதான் பிடிக்கும், ஏன்னா அடுத்த தடவை தேயறது அந்த புஷ் மட்டும்தான், தட்டிட்டு புதுசு போட்டா முடிஞ்சது. பின் ஒரு பிளேட்ல டைட்டா நிக்கணும், இன்னொண்ணுல சுத்தணும். ரெண்டுலயும் சுத்தினா மெல்ல நகர்ந்து ஒருநாள் வெளிய வந்துடும். லேத்காரர்கிட்ட ஈ.என். 8 (சாதா கம்பியை விட உறுதியான ஸ்டீல்) ராட்னு சொல்லுங்க, இல்லன்னா கிடக்கற சாதா கம்பியை கடைஞ்சு குடுத்துடுவாரு.

கேள்வி (டோம்பிவிலி): போல்ட்டை வெட்டி பின்னா போட்டா?

மரை இல்லாத வழவழ பகுதி முழு நீளத்துக்கும் இருந்தா அவசரத்துக்கு ஓடும். மரை ஓட்டைக்குள்ள வந்துச்சுன்னா அரம் போட்ட மாதிரி ஓட்டையை தின்னுடும். பின் வெளிய வராம இருக்க சுத்தற பக்கத்தோட சேத்து வெல்டு வைக்கலாமான்னும் இன்னொருத்தர் கேட்டிருந்தார். கதவே திறக்காம போகணும்னா வைங்க.

கேள்வி (தாராவி): அண்ணே, குர்லா சிஎஸ்டி ரோட்ல ஸ்கிராப்ல ஹின்ஜ் கிடைக்குமாமே, வாங்கலாமா?

கிடைச்சா வாங்கலாம், ஆனா கடையில வச்சே ரெண்டு பிளேட்டையும் பிடிச்சு முறுக்கி பாருங்க, உங்களது மாதிரியே ஆடினா எதுக்கு காசு? பழசை கையோட எடுத்துட்டு போங்க, இடது வலது, மேல் கீழ்னு மாறும்.

கேள்வி (தானே): அண்ணா, கதவு ஆடல, ஆனா திறக்கும்போது கிர்ர்னு கத்துது. வீட்ல டபிள்யூடி 40 இருக்கு, அடிக்கவா?

அடிங்கம்மா, ஆனா அதோட விட்டுடாதீங்க. அது துருவையும் அழுக்கையும் கழுவிட்டு காஞ்சு போயிடும். துணியால துடைச்சுட்டு என்ஜின் ஆயில் ரெண்டு சொட்டு பின் தலையில விட்டு கதவை பத்து தடவை ஆட்டுங்க. ஸ்டாப்பர் பட்டைக்கு கொஞ்சம் கிரீஸ், பாதி நேரம் கத்தறது அதுவாதான் இருக்கும்.

கேள்வி (வசாய்): சார், ஹின்ஜ் நல்லா இருக்கு, ஆனா கதவை தூக்கினா பில்லர் தகடு அசையுது. வண்டி எப்பவும் வெளியதான் நிக்குது.

உப்புக்காத்து, நாலு மாச மழை, ரெண்டும் சேர்ந்த வேலை. ஹின்ஜ் போல்ட் பிடிக்கற இடத்துல உள்பக்கம் துரு தின்னுடுச்சு, இல்ல தகடு கிழிஞ்சிருக்கு. மேல பட்டி பூசி பெயின்ட் அடிக்கறவர்கிட்ட போகாதீங்க, அழுகினதை வெட்டி எடுத்து கனமான தகடு வச்சு வெல்டு பண்ணணும். வெல்டுக்கு முன்னாடி பேட்டரி வயரை கழட்டுங்க, உள்ள கார்பெட், வயரிங் எல்லாம் ஒதுக்குங்க, தீ பிடிக்கற இடம் அது. அப்படியே கதவோட அடி விளிம்புல தண்ணி போற ஓட்டைங்களை கம்பி விட்டு குத்தி பாருங்க. அடைஞ்சிருந்தா தண்ணி உள்ளயே நிக்கும், கதவு கனம் ஏறும், அந்த கனமும் இதே பில்லர் தலையிலதான்.

கேள்வி (முலுண்ட், அம்பாசடர்): புஷ் போட்டு மாட்டியாச்சு, இப்ப கதவுக்கும் பாடிக்கும் நடுவுல கேப் மேல குறுகலா கீழ அகலமா இருக்கு. டிங்கர் கதவிடுக்குல மரக்கட்டை வச்சு அமுக்கறேன்றார்.

கட்டையை வாங்கி ஓரமா வைங்க. அது ஹின்ஜ் வளைஞ்ச வண்டிக்கு பண்றது, தெரிஞ்சவர் கையில. போல்ட்ல அட்ஜஸ்ட்மென்ட் இருக்கும்போது தகட்டை ஏன் வளைக்கணும்? ஸ்ட்ரைக்கரை முழுசா கழட்டிடுங்க, அது இருந்தா கதவை தூக்கி பிடிச்சு பொய் சொல்லும். போல்ட்டை கதவு அசையற அளவுக்கு மட்டும் லூஸ் பண்ணி, ஜாக்ல ஏத்தி இறக்கி, மூடி பாத்து, திரும்ப திறந்து, இப்படியே பொறுமையா பண்ணணும், ஒரு மத்தியானம் போயிடும். சுத்தியும் கேப் சமமா வந்து, பின்சீட்டு கதவோட கோடு நேரா நின்னதும் போல்ட்டை டைட் வைங்க. ஸ்ட்ரைக்கர் கடைசில.

கேள்வி (நவி மும்பை): 15 வருஷம் முடியுது, ஆர்சி ரினீவலுக்கு வண்டியை காட்டணும். கதவு லேசா ஆடுது, லாக் ஆகுது. அப்படியே போகலாமா?

லாக் எப்படி ஆகுதுன்னு பாருங்க முதல்ல. லாக்ல ரெண்டு கட்டம் இருக்கு, பாதி லாக், முழு லாக். கதவு இறங்கின வண்டில பாதி லாக்லயே நின்னுட்டு மூடின மாதிரி தெரியும், ஸ்பீட்ல ஒரு பள்ளத்துல விழுந்தா திறந்துக்கும். மெதுவா மூடி ரெண்டு டிக் சத்தம் கேக்குதான்னு பாருங்க, மூடின பிறகு வெளிய இருந்து இழுத்தா துளி கூட அசையக் கூடாது. அசைஞ்சா ரினீவல் தேதி வரைக்கும் காத்திருக்காம இந்த வாரமே ஹின்ஜை பாத்துடுங்க, அதுவரை அந்தப் பக்கம் குழந்தைகளை உக்கார வைக்காதீங்க.