மொராக்கோவின் ரபாத்தில் ஒரு செமஸ்டர் படிக்கிறோம். பன்னிரண்டு மாணவர்கள் ஒரே வார இறுதியில் சஹாரா போய்வர முடியுமா?

முடியும், வெள்ளிக்கிழமை மதியமே கிளம்பினால். சனி காலை கிளம்பலாம் என்று யாராவது சொன்னால் அங்கேயே மறுத்துவிடுங்கள். ரபாத்திலிருந்து சஹாரா மணல்மேடுகளின் ஓரத்து ஊரான மெர்சூகா ஏறக்குறைய 560 கி.மீ. வரைபடம் ஒன்பது மணி நேரம் காட்டும். சாப்பாடு, கழிப்பறை, வழியில் அஸ்ரூ தேவதாருக் காட்டில் குரங்குகளோடு போட்டோ எல்லாம் சேர்ந்தால் பதினொன்று ஆகும். போய்ச் சேரும்போது இருட்டிவிடும். மணல்மேட்டைப் பார்க்காமலே தூங்கப் போவீர்கள்.

வெள்ளி இரவு வழியிலுள்ள மிதெல்த் ஊரில் தங்குங்கள். சுமார் 1,500 மீட்டர் உயரம், அதனால் அங்கேயே ஸ்வெட்டர் தேவைப்படும். சனி காலை எட்டுக்குக் கிளம்பினால் எர்ராஷிதியா, ஸீஸ் பள்ளத்தாக்கின் பேரீச்சந்தோப்புகள், எர்ஃபூத், ரிஸ்ஸானி வழியாக மதியம் இரண்டுக்குள் மெர்சூகா. ரிஸ்ஸானியில் ஞாயிறு, செவ்வாய், வியாழன் சந்தை நாள்.

பன்னிரண்டு பேருக்கு ஓட்டுநரோடு மினிபஸ்தான் சரி. நான்கைந்து பேர் என்றால் ஃபெஸ் வரை ரயில், அங்கிருந்து சுப்ராதூர் நிறுவனத்தின் இரவுப் பேருந்து.

முன்பதிவில்தான் அதிகம் ஏமாறுகிறார்கள். "பாலைவனப் பயணம், இரண்டு நாள்" என்று மராக்கெஷில் மலிவாக விற்பது பெரும்பாலும் ஸாகோரா. அங்கே கல்தரையும் சிறு மணல்மேடுகளும்தான். நீங்கள் படங்களில் பார்க்கும் 150 மீட்டர் உயர மேடுகள் மெர்சூகாவை ஒட்டிய எர்க் ஷெப்பியில் உள்ளவை. அந்தப் பெயரை எழுத்தில் வாங்குங்கள். கூடாரம் மணலுக்கு உள்ளேயா, சாலையோரமா? ஒட்டகம், இரவுச் சாப்பாடு, காலை உணவு கட்டணத்தில் சேர்த்தியா? ஆளுக்கு எத்தனை கம்பளி? குடிதண்ணீர் பெரும்பாலும் கணக்கில் வராது. ஆளுக்கு மூன்று லிட்டர் ரிஸ்ஸானியிலேயே வாங்கிவிடுங்கள். பணமும் அங்கேயோ எர்ஃபூத்திலோ எடுத்துவிடுவது நல்லது, கேம்பில் கார்டு செல்லும் என்று நம்ப வேண்டாம்.

சைவம் என்றால் இறைச்சி வேண்டாம் என்பதோடு கோழியும் வேண்டாம் என்று தனியாகச் சொல்லுங்கள். காய்கறி தஜீனிலும் (மண்சட்டியில் வேகவைக்கும் குழம்பு) கோழிச் சாறு சேர்ந்திருக்கலாம்.

ஒட்டகம் எழும்போது முதலில் பின்னங்கால்களைத்தான் நிமிர்த்தும். சட்டென்று முன்னால் சாய்ந்துவிடுவீர்கள். இரு கையாலும் சேணத்துக் கைப்பிடியைப் பிடித்துக்கொண்டு உடம்பைப் பின்னுக்குத் தள்ளுங்கள். உட்காரும்போது முன்னங்கால்கள் முதலில் மடங்கும், அதனால் அப்போதும் பின்னால்தான் சாய வேண்டும். இறங்கிவிட்டோம் என்று நினைத்துக் கையை விடுகிற அந்த நொடியில்தான் விழுகிறார்கள். ஜீன்ஸ் வேண்டாம்; ஒரு மணி நேரத்தில் தையல் தொடையை உரசிப் புண்ணாக்கிவிடும். தொளதொள பருத்திக் கால்சட்டை போதும்.

மேட்டில் ஏறும்போது நேராக ஏறாதீர்கள். காற்று வீசும் பக்கம் மணல் இறுகியிருக்கும், மறுபக்கம் சரியும். விளிம்பைப் பிடித்து நடந்தால் பாதி உழைப்பில் உச்சிக்குப் போகலாம். இரவில் நட்சத்திரம் பார்க்கத் தனியே போகக் கூடாது: இரண்டு மேடு தாண்டினால் கேம்ப் விளக்கு மறைந்துவிடும், காலடித் தடத்தைக் காற்று அழித்துவிடும். கிளம்பும் முன் கேம்ப் இருக்கும் இடத்தைப் போன் வரைபடத்தில் குறித்துக்கொள்ளுங்கள். காலையில் ஷூவைத் தட்டிவிட்டுப் போடுங்கள், தேள் இருக்கலாம்.

கான்டாக்ட் லென்ஸ் போடுபவர்கள் கண்ணாடிக்கு மாறிவிடுவது நல்லது. கேமராவில் லென்ஸ் மாற்றுவதை மணலில் செய்யவே கூடாது.

அக்டோபர், நவம்பர்தான் என் தேர்வு. மார்ச், ஏப்ரலில் மணற்காற்று வரும். டிசம்பர், ஜனவரியில் இரவு வெப்பம் பூஜ்ஜியத்தை ஒட்டி இறங்கும். அதைவிடப் பெரிய தொல்லை, பனி கொட்டினால் வழியில் இஃப்ரானுக்கும் மிதெல்த்துக்கும் இடையே சாலையை மூடிவிடுவார்கள். போகும்போது மூடினால் பரவாயில்லை, திரும்பும்போது மூடினால் திங்கள் வகுப்பு போச்சு.

ஞாயிறு சூரிய உதயம் பார்த்து, சாப்பிட்டு, எட்டரைக்குள் வண்டி நகர வேண்டும். வளைவுகளில் வாந்தி வருபவர்கள் கிளம்ப அரை மணி முன்பே மாத்திரை போடட்டும். பாஸ்போர்ட் கையில் இருக்கட்டும், வழியில் ஜாந்தார்ம் (நெடுஞ்சாலைக் காவல் படை) சோதனைச் சாவடிகள் உண்டு. ஓட்டுநர் சனி இரவு எங்கே தூங்குவார் என்பதையும் முன்பதிவின்போதே கேளுங்கள். வண்டி இருக்கையில் தூங்கியவர் மறுநாள் பதினொரு மணி நேரம் மலைப்பாதையில் ஓட்டக் கூடாது.