நீண்ட தூர விமானத்தில் முதல் வகுப்பு: எமிரேட்ஸ் நல்லதா, சிங்கப்பூர் ஏர்லைன்ஸ் நல்லதா?

இரண்டிலும் ஏர்பஸ் ஏ380 என்ற இரண்டு தள விமானத்தை வைத்தே சொல்கிறேன். தூக்கம்தான் முக்கியம் என்றால், யோசிக்காமல் சிங்கப்பூர் ஏர்லைன்ஸ். மேல்தளத்தில் மொத்தமே 6 அறைகள். தோல் நாற்காலி தனி, கட்டில் தனி. மற்ற பல விமானங்களில் இருக்கையையே மடக்கிப் படுக்கையாக்குவார்கள்; இங்கே கட்டிலை விரித்த பிறகும் நாற்காலியில் உட்கார்ந்து சாப்பிடலாம். தம்பதியாகப் போனால் அடுத்தடுத்த இரண்டு அறைகளின் நடுத்தடுப்பை இறக்கி இரட்டைக் கட்டிலாக்கிக் கொள்ளலாம் (எல்லா ஜோடி அறைகளிலும் முடியாது, இடம் பார்த்துப் பதிவு செய்யுங்கள்). பிடித்த உணவை முன்கூட்டியே சொல்லிவைக்கும் வசதியும் உண்டு.

எமிரேட்ஸில் 14 அறைகள். கதவு உண்டு, ஆனால் சுவர் கூரைவரை எழும்பாது. அதன் பலம் குளியலறை. ஷவரில் 5 நிமிடம் வெந்நீர் வரும். இரவெல்லாம் பறந்து காலையில் நேராக வேலைக்குப் போகிறவருக்கு அது பெரிய வரம். மேல்தளத்தின் பின்பக்கம் மது பாரும் இருக்கிறது.

சரி, டிக்கெட் எடுக்கும் முன் விமான வகையைப் பாருங்கள். எமிரேட்ஸின் போயிங் 777-ல் ஷவர் கிடையாது. ஆனால் அதே 777-ல் 2017-ல் வந்த புதிய வடிவ முதல் வகுப்பு கிடைத்தால், கூரைவரை மூடிய அறையே கிடைக்கும்.